வாய் கட்டிய கூடை

கடல் ஒரு பக்கமும் உப்பளம் மற்றெல்லாப் பக்கமுமாகக் கிடக்கிற முள்ளிக்கரையில், அளத்து வேலைக்குப் போகிற ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு வயர்கூடை வைத்திருந்தார்கள். அதற்குள் கஞ்சித் தூக்குச்சட்டி, தண்ணீர் பாட்டில், உப்பின் வெள்ளைக்குக் கண் அவிந்துபோகாமலிருக்க ஒரு கறுப்புக் கண்ணாடி, வெடித்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய், ரப்பர் பூட்ஸுக்குள் மாட்டிக்கொள்ளப் பழைய காலுறை, போதாததற்கு வெற்றிலைச் சுருள் என்று எல்லாம் இருக்கும். அந்தக் கூடைகள் ஒரு பங்குனி மாதத்துக் காலையில், யார் கையும் படாமல், தம்மைத் தாமே நிரப்பிக்கொள்ளத் தொடங்கின.

முதலில் நடந்தது சேர்மக்கனியின் கூடையில். ஆணியில் மாட்டியிருந்த கூடையை எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடியைக் காணோம், அதன் இடத்தில் ஒரு குடையும் மடித்த பிளாஸ்டிக் தாளும் இருந்தன. பங்குனி வெயிலில் குடையைக் கொண்டுவந்து வைத்தது எந்தக் கழுதை என்று பிள்ளைகளை வைதுகொண்டே வேலைக்குப் போனாள், மத்தியானம் வானம் இருண்டு, அந்த மாதத்தில் ஒருநாளும் பெய்யாத மழை பெய்து, பாத்தியில் விளைந்து நின்ற உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது. மறுநாள் கங்காணி தவசிலிங்கத்தின் கூடையில் தாம்புக்கயிறு இருந்தது. உப்பு ஏற்ற வந்த லாரி சேற்றில் புதைந்தது. அதற்கடுத்து எல்லார் கூடையும் அப்படித்தான், அன்றைய நாளுக்கு எது வேண்டுமோ அது உள்ளே வந்துவிடும், எது வேண்டாமோ அது காணாமல் போய்விடும், எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று யாரும் மெனக்கெட்டு யோசிக்கவில்லை. மோட்டார் ஓடினால் சரி, கரண்டு எங்கிருந்து வந்தால் என்ன என்று வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

வழியில் பார்க்கிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது நின்று, "கூடையில என்ன?" என்று கேட்பது வழக்கமாயிற்று. கங்காணி தினமும் காலையில் வரப்பின்மேல் கூடைகளை வரிசையாக வைக்கச் சொல்லி, குடைகள் அதிகம் தெரிந்தால் உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடச் சொல்வார், மருந்துத் துணி தெரிந்தால் அந்த ஆளை மோட்டார் பக்கம் அனுப்பமாட்டார். ஊரில் ஒருத்தி மகள் கூடையில் பட்டுப்புடவையும் மதுரைக்குப் பஸ் டிக்கெட்டும் இருந்தன, அம்மாக்காரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, டிக்கெட்டே வந்தபிறகு நாம் யார் தடுக்க என்று புளியோதரையும் கட்டிக்கொடுத்து அனுப்பினாள். கோயில் பூசாரி இது அம்மன் தந்தது என்றார், தேவாலயத்துச் சாமியார் இது மாதா தந்தது என்றார், டீக்கடை மிக்கேல் மட்டும் "யாரு தந்தாலும் எங்கடைக்கிச் சீனி தரலியே" என்று சொல்லிச் சிரித்தார்.

சந்தனமாரிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஆணியில் தொங்குகிற கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவாள். அவள் புருஷன் பேச்சிமுத்து, தாய்மாமன் மகன், சின்ன வயதிலிருந்து அவள் அத்தான் அத்தான் என்று பின்னால் சுற்றிக் கட்டிக்கொண்டவன், தன் கூடையைத் திறந்து "இன்னைக்கி எனக்குப் பூட்ஸ் வச்சிருக்கு பாத்தியாட்டி, பாத்தியில முள்ளு கெடக்கு போல" என்று பிள்ளை மாதிரிச் சந்தோஷப்படுவான். அவளுக்கு அதில் முள் மட்டும்தான் தெரியும். வருவது தெரிந்து என்ன செய்யப்போகிறோம், தெரியாமல் இருந்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கவாவது செய்தோமே என்று நினைத்துக்கொள்வாள், வெளியே சொல்லமாட்டாள்.

அவள் பயந்ததும் சரியாகத்தான் போயிற்று. ஒருத்தி தன் கூடையிலிருந்த மருந்துத் துணியைப் பார்த்துப் பயந்து, அதைக் கழிமுகத்தில் வீசிவிட்டு வந்தாள், அன்றைக்கே உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகையின் தகரம் பிய்ந்து அவள் கணுக்காலைக் கிழித்தது, கட்டத் துணி இல்லாமல் உப்புத் தண்ணீரில் நின்று கதறினாள். அதிலிருந்து வந்ததை எடுத்தெறியக் கூடாது என்று ஊர் தெரிந்துகொண்டது. பிறகு, பாத்தியில் வேலை பார்க்கிற கொம்பையாவின் கூடை ஒருநாள் வெறுமையாக இருந்தது. ஒன்றுமே இல்லை, வெற்றிலைக் காம்பு கூட இல்லை. "இன்னைக்கி எனக்கு ஒண்ணுமே வேண்டாமாம்யா, ராசா மாதிரி போறேன்" என்று கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அளத்துக்கு நடந்தார், பார்த்தவர்களும் சிரித்தார்கள், உச்சி வெயிலில் வரப்பின்மேல் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த மாதமே மிக்கேலின் அப்பாவின் கூடையும் வெறுமையானது. அவர் வயதானவர், வேலையை விட்டு வெகுகாலமானவர், பழக்கத்துக்கு ஒரு கூடையை மாட்டி வைத்திருந்தவர். அவர் கட்டிலில் படுத்தவாக்கிலேயே போய்ச் சேர்ந்தார்.

அவ்வளவுதான், முள்ளிக்கரைக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெறுங்கூடை என்றால் சாவு.

பயம் வந்தபிறகு ஊர் கூடையோடு குடும்பம் நடத்த வேறு வழி கண்டுபிடித்தது. திறந்து பார்த்தால்தானே நடக்கும், திறக்காவிட்டால் எது எப்படி நடக்கும் என்று யாரோ ஒருவர் சொல்ல, மறுநாளே பெண்கள் பழைய சேலையைக் கிழித்து, கூடையின் மேல் துணி மூடி, காதோடு காது சேர்த்து வாயைக் கட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஆண்களும் கட்டினார்கள். கட்டாத கூடையோடு வருகிறவனை வரப்பில் ஏற விடமாட்டேன் என்று கங்காணி சட்டம் போட்டார். கஞ்சி நேரத்தில் முடிச்சின் ஓரத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டுத் தூக்குச்சட்டியைத் துழாவி எடுப்பார்கள், விரலில் வேறேதும் பட்டால் சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொள்வார்கள். பட்டது என்ன என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வேண்டியதெல்லாம் கையோடு இருந்தும், மழையில் நனைந்துகொண்டும் வெயிலில் கண் கூசிக்கொண்டும் வேலை பார்த்தார்கள்.

ஆனால் வாயைக் கட்டிவிட்டால் கனத்தைக் கட்ட முடியுமா?

வைகாசி மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் வாசலைத் தெளித்துவிட்டு உள்ளே வந்த சந்தனமாரி, பேச்சிமுத்துவின் கூடை ஆணியில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கட்டிய வாய் கட்டியபடியே இருந்தது. ஜன்னல் வழியாகக் கடல்காற்று கொஞ்சம்தான் வந்தது, அந்தக் காற்றுக்கே அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. பக்கத்து ஆணியில் அவளுடைய கூடை அசையவில்லை. அது ஆணியையே வளைத்துக்கொண்டு தொங்கியது, அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவரெல்லாம் நனைந்திருந்தது, வயர் இடுக்கு வழியாக உள்ளேயிருந்து ஏதோ வெள்ளைத் துணி தெரிந்தது.

தண்ணீர், வெள்ளைத் துணி. அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? செத்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவருகிற குடமும், அதன்பிறகு பெண்டாட்டிக்காரிக்குப் போர்த்துகிற வெள்ளையும்தான் தோன்றின. தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கி அளத்துக்குப் போவாண்டாம்த்தான்."

பேச்சிமுத்து வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி ஆடுகிற கூடையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. பிறகு அதை எடுத்து வெளியே எறிந்தான். "வீட்டுல இருந்தா மட்டும் வராதா? மிக்கேலண்ணன் அய்யா கட்டில்ல கெடந்துதான போனாவ."

"அப்படிச் சொல்லாதிய."

"உப்பு வாருற நாளு. நான் போவலன்னா பயந்து படுத்துக்கிட்டான்னு சொல்லுவானுவ."

பயந்துதான் இருந்தான். வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது செம்பு அவன் கையில் தடதடவென்று ஆடியதை அவள் பார்த்தாள். பார்க்காதது போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் எப்படித்தான் பரவுமோ, அதற்குள் பக்கத்து வீட்டுச் சேர்மக்கனி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. "ஒன் கூடையைத் தொறந்து பாருட்டி மாரி. ஒனக்கு என்ன வரப்போவுதுன்னு அதுக்குத் தெரியும்லா?"

"வேண்டாம்க்கா."

"தெரிஞ்சிக்கிட்டா மனசத் தேத்திக்கிடலாம்ட்டி."

"எம்மனசத் தேத்த வேண்டாம். எத்தான் இருந்தாப் போதும்" என்று சந்தனமாரி கத்தினாள். திறந்தால் அது நடந்துவிடும். திறக்காதவரைக்கும் அது வெறும் ஈரம், வெறும் துணி. அந்த ஒரு முடிச்சைத் தவிர அவளுக்கும் கைம்மைக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை என்று நம்பினாள், அதனால் முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

இரண்டு பேருமாகக் கிளம்பினார்கள். அவன் வெறுங்கூடையைச் சைக்கிளில் மாட்டி உருட்டிக்கொண்டு வர, அவள் சொட்டுகிற கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், இடுப்பெல்லாம் சில்லென்று விறைத்தது, அந்தச் சில்லிப்பு பிணத்தைத் தொட்டாற்போல் இருந்தது. எதிரே வந்தவர்கள் கூடையில் என்ன என்று கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்கள். மிக்கேல் கடையை விட்டு இறங்கிவந்து இரண்டு டீயை நீட்டினார், சீனியை அள்ளிப் போட்டிருந்தார், பேச்சிமுத்து குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆளுக்கு ஊர் இத்தனை மரியாதை காட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும்! அவன் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தான்.

கங்காணி அவனைக் கொட்டகை நிழலில் உட்காரச் சொன்னார். அவன் கேட்கவில்லை. உட்கார்ந்தால் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான், கண்ணாடி இல்லை, தலைத்துணி இல்லை, தண்ணீர் இல்லை, கூடையில் வராததை மற்றவரிடம் கேட்கவும் கூச்சப்பட்டான். மற்றவர்களும் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்றில்லை, அவன் கிட்டே போகப் பயம். சந்தனமாரி தன் கூடையைக் கீழே வைக்காமல் வரப்பிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு கை உப்பு வாரவில்லை, கங்காணியும் ஏன் என்று கேட்கவில்லை.

வெயில் ஏறி உப்பு ஊசி ஊசியாய் மின்னியபோது, பேச்சிமுத்து பலகையை ஊன்றிக்கொண்டு நின்றான், என்னமோ சொல்ல வாயைத் திறந்தான், அப்படியே மடங்கி விழுந்தான்.

தூக்கி வரப்பில் போட்டார்கள். உடம்பு அடுப்புக் கல்லாய்ச் சுட்டது, வேர்வை ஒரு பொட்டு இல்லை, கண் மேலே செருகிவிட்டது. "தண்ணி, யாராவது தண்ணி குடுங்க!" என்று சேர்மக்கனி அலறினாள். சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் கூடை இருந்தது, அத்தனையும் வாய் கட்டியிருந்தது, ஒருவர் கூட முடிச்சில் விரல் வைக்கவில்லை. சாகிறவன் பக்கத்தில் வைத்துத் திறந்தால் தன் கூடைக்குள்ளும் சாவு ஏறிக்கொள்ளுமோ என்று கூடைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். கங்காணி ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறேன் என்று கரைப்பக்கம் ஓடினார்.

சந்தனமாரி அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். கூடையை மாரோடு அணைத்திருந்தாள். இப்போது திறந்தால் வெள்ளைத் துணி வெளியே வந்துவிடும், நீர்மாலைத் தண்ணீர் வந்துவிடும், அதோடு எல்லாம் முடிந்துவிடும், திறக்கமாட்டேன், திறக்கமாட்டேன் என்று அவள் பற்கள் கிட்டித்துக்கொண்டன. அப்போது கூடையின் அடியிலிருந்து ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது. செருகிய கண்ணின் இமை துடித்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. அவன் முகம், பால் குடிக்கிற பிள்ளை மாரைத் தேடித் திரும்புகிற மாதிரி, அந்தச் சொட்டின் பக்கம் திரும்பியது.

நனைந்து இறுகிப்போன இரட்டை முடிச்சு, விரலுக்கு வரவில்லை. அவள் பல்லால் கடித்துப் பிய்த்தாள்.

உள்ளே, மீன் கம்பெனியில் போடுவார்களே, அப்படி ஒரு பெரிய ஐஸ் கட்டி, உமி ஒட்டிய சாக்குக்குள், அதைச் சுற்றி நனைந்த வெள்ளைத் துண்டு. அதற்கடியில் ஒரு குடை. ஓலை விசிறி. அவனுடைய தண்ணீர் பாட்டில். அவனுடைய கறுப்புக் கண்ணாடி, ஒரு காது உடைந்து நூல் கட்டியது. அவனுடைய தலைத்துணி, அவனுடைய வெற்றிலைச் சுருள். அவனுக்கு அன்றைக்கு வேண்டிய எல்லாமே அவள் இடுப்பில்தான் விடிந்ததிலிருந்து இருந்திருக்கிறது.

"எக்கா, பிடிங்கக்கா!" என்று குடையைச் சேர்மக்கனியிடம் வீசினாள். ஐஸை வரப்புக் கல்லில் மோதி உடைத்தாள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துண்டத்தைச் செருகினாள், துண்டை மேலே போர்த்தினாள், விசிறினாள், வைதாள், சாமியை வைதாள், கூடையை வைதாள், தன்னைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வைதாள். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டபோது பேச்சிமுத்து கண்ணைத் திறந்து, "எம்மா, என்னா குளிரு. எடுட்டி அத" என்றான்.

அன்று மாலைக்குள் ஊரில் பேச்சிமுத்துவின் வெறுங்கூடையைத் தவிர எல்லாக் கூடைகளின் வாயும் அவிழ்ந்தன. பலபேருடைய கூடைக்குள் ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர் பாட்டில் இருந்தது. கொம்பையா விழுந்த நாளில் தங்கள் கூடைக்குள் என்ன இருந்தது என்று அவரவர் நினைத்துப் பார்த்தார்கள், நினைவு வந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பையாவின் பெண்டாட்டியிடம் இதை ஒருத்தரும் சொல்லக் கூடாது என்று யாரும் கூடிப் பேசாமலே ஊர் முடிவெடுத்துக்கொண்டது, அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

பேச்சிமுத்து தேறினான், வேலைக்கும் வந்தான். அவன் கூடை மட்டும் பிறகு நிரம்பவே இல்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் தினமும் அவள் கூடையில்தான் வந்தது, அவனுடைய பூட்ஸ், அவனுடைய கஞ்சி, அவனுடைய மாத்திரை, அவன் பீடிக்குத் தீப்பெட்டி. முதலில் கொஞ்சநாள் அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது, வெறுங்கூடையைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணிக்கு மாற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தான். அவள் தோள் இறங்கிப்போய்ப் பின்னால் வந்தாள். அவனை விட்டு ஒரு நாள் கூட அகல முடியவில்லை, தங்கச்சி மகள் சடங்குக்குப் போக முடியவில்லை. அளத்துப் பெண்களிடம் சொல்லி அழுதாள். "இதுக்கு முன்னால மட்டும் யாருட்டி சொமந்தா?" என்று சேர்மக்கனி கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சந்தனமாரியும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பயந்தாள். நான் வெறுங்கூடையோடு நிற்கிற நாளில் என் தண்ணீர் யார் கூடையில் இருக்கும்? அப்படி யார் கூடையிலாவது இருக்குமா, இல்லை மிக்கேலின் அப்பாவுக்கு ஆனதுபோல எனக்கும் ஒன்றுமே வேண்டாத நாளாகத்தான் இருக்குமா? இதைக் கேட்க அவளுக்கு ஆளில்லை.

மழைக்காலம் முடிந்து, பாத்தியில் மறுபடி தண்ணீர் பாய்ச்சிய சமயத்தில், ஒரு காலையில் அவளுடைய கூடை காற்றில் ஆடியது.

அவள் அழவில்லை. கூடையை எடுத்துவந்து, வாசலில் நின்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் காலடியில் கவிழ்த்து வைத்தாள். பேச்சிமுத்துவுக்கு ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுவிட்டது. அவள் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே காற்று வராது, ஆடுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அவனுடைய கூடையின் பழைய முடிச்சில் ஒட்டடை படிந்திருந்தது. அதற்குள் ஏதாவது இருந்தால் இன்றைக்கு அவளுக்குப் பிழைப்பு உண்டு. இல்லையென்றால் இல்லை.

அவன் கதவண்டை போனான், கையை உயர்த்தினான், உயர்த்திய கை ஆணிக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. "நீ எடேன் மாரி."

"என்னால ஆவாது. நீங்கதான் எடுக்கணும்."

"ஒண்ணும் இல்லாட்டி?"

அவன் முகத்தில் இத்தனை பயத்தை அவள் பார்த்ததே இல்லை, விழுந்து கிடந்த அன்றுகூட அவன் முகம் இப்படி இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கூடையின் காதைப் பிடித்து ஆணியிலிருந்து எடுத்தான். எடுத்த வேகத்தில் கை தோளோடு கீழே இழுபட்டது, மறுகையையும் கொடுத்து முட்டியை மடக்கித்தான் தாங்கினான்.

"எட்டி," என்றான், மூச்சு வாங்கியது, "என்ன இம்புட்டுக் கனம்!"

சந்தனமாரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சத்தமாக அழுதாள். கனமிருக்கிறது. இன்றைக்கு என்னவோ வரப்போகிறது, பெரிதாக வரப்போகிறது, ஆனால் கனமிருக்கிறது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெறுங்கையோடு வாசல்படி இறங்கினாள். அவன் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"முடிச்ச இங்கனயே அவுத்துருங்கத்தான்" என்றாள். "அங்க வச்சி ஒங்க கையி நடுங்கும்."